பஞ்சாரத்துக்குள் ஒரு நோயாளி: புறக்கடைக் கோழி வைத்தியத்தின் வரலாறு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கோழி வளர்ப்பு நெடுங்காலமாக வீட்டின் கொல்லைப்புறத்தையும் அந்த வீட்டுப் பெண்களின் உழைப்பையும் சார்ந்தே நடந்து வந்துள்ளது. ஐந்து முதல் பத்துப் பதினைந்து வரையிலான நாட்டுக்கோழிகளை, தனியே தீவனம் வாங்கிப் போடாமல், சிந்திய தானியத்தையும் புழு பூச்சிகளையும் கிளறித் தின்னும்படி பகலெல்லாம் மேயவிட்டு, அந்தி சாய்ந்ததும் பஞ்சாரத்தில் அடைத்து வளர்க்கும் இம்முறையைக் கால்நடைத் துறையினர் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்று குறிப்பிடுவர். பஞ்சாரம் என்பது மூங்கில் பிளாச்சுகளால் பின்னித் தரையில் கவிழ்த்து வைக்கப்படும் பெரிய கூடை. முட்டை விற்ற காசும், முட்டையிடும் பருவத்தை நெருங்கிய வெடைக்கோழியை விற்ற காசும் குடும்பத்தின் பொதுக் கணக்கில் சேராமல் பெண்ணின் சிறுவாடாக, அதாவது அவள் தன் பொறுப்பில் மறைவாகச் சேர்த்து வைக்கும் சிறு சேமிப்பாக, இருந்தன. ஆதலால் நோயுற்ற கோழியைப் பிழைக்க வைப்பது பரிவின்பாற்பட்ட செயலாக இருந்ததோடு, பெண்ணின் கையில் இருந்த ஒரே முதலைக் காக்கும் முயற்சியாகவும் இருந்தது. இந்த வைத்தியத்தின் வரலாறு ஏட்டில் எழுதப்பட்டது குறைவு. பெரும்பகுதி அடுப்படியிலும் கொல்லையிலும் வாய்மொழியாகவே கடத்தப்பட்டது.

பழந்தமிழ்ச் சான்றுகளில் சேவலுக்குக் கிடைத்த இடம் பெட்டைக் கோழிக்குக் கிடைக்கவில்லை. முருகனின் கொடியில் சேவல் இடம்பெற்றது. சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது, யானையை எதிர்த்து நின்ற கோழியைப் பற்றிய கதை அப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், அதற்கு வடக்கே இந்தளூரிலும், சண்டையில் வீழ்ந்த சேவல்களுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் கிடைத்துள்ளன, ஏறத்தாழ கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இக்கற்களில் சேவலின் உருவமும் அதன் சேரியைக் குறிக்கும் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவ ஏடுகளிலும் இதே ஏற்றத்தாழ்வு காணப்படுகிறது. உழவுக்கும் பாலுக்கும் வேண்டிய மாட்டின் நோய்களைத் தொகுத்த மாட்டு வாகடம் ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தது. போருக்குரிய குதிரைக்கும் தனி நூல்கள் எழுந்தன. சேவலைப் பற்றிய குக்குட சாத்திரம் அதன் சண்டைக்கு நாளும் நேரமும் நிறமும் கணிப்பதில் கருத்தைச் செலுத்தியது. முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சு பொரித்த பெட்டைக்கு வந்த நோயைக் கவனித்தவர்கள் எழுதும் வழக்கம் இல்லாதவர்களாக இருந்ததே அதன் வைத்தியம் ஏடேறாமைக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

ஆயினும் எழுதப்படாத அவ்வைத்தியத்துக்கு ஒரு முறை இருந்தது. அது காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும் பொழுதிலேயே தொடங்கிவிடும். மற்றக் கோழிகள் சிறகடித்து வெளியே ஓட, ஒன்று மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கழுத்தை உள்ளே இழுத்தபடி அங்கேயே நின்றால் அது சீக்குக்கோழி என்று அறியப்பட்டது. அதைக் கையில் எடுத்தவுடன் செய்யப்பட்ட ஆய்வு இன்றைய கால்நடை மருத்துவர் செய்வதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. கொண்டை சிவப்பு மங்கி வெளிறியிருக்கிறதா, கருத்திருக்கிறதா என்று பார்ப்பர். கழுத்தின் அடியில் உள்ள தீனிப்பையை, அதாவது கோழி விழுங்கிய இரையை முதலில் சேர்த்து வைக்கும் பையை, விரலால் அழுத்தி, அது வெறுமையாக இருக்கிறதா, கல்லாக இறுகியிருக்கிறதா, தண்ணீர்ப் பை போல் தளும்புகிறதா என்று அறிவர். நெஞ்செலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டிருந்தால் நோய் பல நாளாக உள்ளே இருக்கிறது என்று கொள்வர். இறுதியாக எச்சத்தின் நிறத்தைப் பார்ப்பர். எச்சத்தில் வெள்ளை மிகுந்து நீராகப் போனால் கழிச்சல், இரத்தம் கலந்து போனால் இரத்தக் கழிச்சல் என்று நோய்களுக்குப் பெயரிட்டது இந்தப் பார்வையே ஆகும்.

நோய் அறிந்த பின் முதலில் செய்யப்பட்டது, கோழியைத் தனியே பிரித்து வேறொரு கூடைக்குள் வைப்பதாகும். பிற கோழிகள் சீக்குக்கோழியைக் கொத்தி விரட்டும் என்பதே இதற்குப் பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணம். ஆனால் அதே செயல் தொற்றுத் தடுப்பாகவும் பயன்பட்டது. கூடையை அடுப்படிச் சூடு படும் இடத்தில் வைப்பதும், தரையில் சாம்பல் பரப்புவதும் அடுத்த கட்டம். ஆரோக்கியமான கோழியின் உடல் வெப்பம் மனிதரை விட மிகுதி. ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இரை எடுக்காத சிறிய உடல் அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாமல் விரைவில் தளர்ந்துவிடும் என்பதால் வெளியிலிருந்து கிடைக்கும் சூடு மருந்துக்கு நிகராகிறது. சாம்பலோ ஈரத்தை உறிஞ்சுவதோடு கோழிப்பேனையும் செள்ளையும் ஒடுக்கும் தன்மை உடையது.

மருந்து கொடுக்கும் முறையில் கைத்திறனுக்கே முதலிடம் இருந்தது. கோழியின் நாக்கு வேருக்குப் பின்னால், வாயின் நடுவிலேயே, மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. அலகைத் திறந்து நேராக நீரை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிக் கோழியைக் கொன்றுவிடும். எனவே கோழியை இடக்கக்கத்தில் இடுக்கி, இறக்கைகளை உடலோடு அணைத்து, அலகின் ஓரத்தில் விரல் நுழைத்துத் திறந்து, சுண்டைக்காய் அளவுள்ள மருந்துருண்டையை நாக்கின் பக்கவாட்டில் வைத்து உள்ளே தள்ளி, கழுத்தை மேலிருந்து கீழாகத் தடவிவிடுவது வழக்கமாயிற்று. உருண்டையில் சேர்ந்தவை பெரும்பாலும் அஞ்சறைப் பெட்டியில் இருந்தவையே: சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, இவற்றோடு சின்ன வெங்காயம், கொல்லையில் முளைத்த கீழாநெல்லி, வேப்பிலை. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் காணும் கோழி அம்மைக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசப்பட்டன. பழையசோற்று நீராகாரமும் நொய்யும் பத்திய உணவாயின.

இவ்வைத்தியம் எல்லா நோய்க்கும் ஒரே அளவில் பயன் தரவில்லை. செரிமானக் கோளாறு, புண், பேன் தொல்லை, தானே ஆறும் இயல்புடைய அம்மை போன்றவற்றில் சூடும் நீரும் உணவும் கோழியைத் தாங்கிப் பிடித்துப் பிழைக்க வைத்தன. தளர்ந்த கோழிகளில் பல நோயால் சாவதற்கு முன்பே தாகத்தாலும் பசியாலும் சாகின்றன என்பதால் இப்பராமரிப்பின் மதிப்பு குறைந்ததன்று. ஆனால் ஒரே வாரத்தில் தெருவையே காலியாக்கும் கொள்ளைநோயின் முன் அஞ்சறைப் பெட்டி கைவிட்டது. அப்போது பிழைத்திருந்த கோழிகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடுவதும், நோய் முற்றும் முன் அறுத்துக் குழம்பு வைப்பதும், சந்தைக்குக் கொண்டுபோய்க் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவதும் நடந்தன. கடைசியாகச் சொன்ன வழியே நோயை அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்த்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் உருவான கால்நடை மருத்துவத் துறை தொடக்கத்தில் கோழியைக் கண்டுகொள்ளவில்லை. படைக்கு வேண்டிய குதிரையும் வரி கட்டும் உழவனுக்கு வேண்டிய மாடுமே அதன் கவலைகளாக இருந்தன. வெக்கை நோய் எனப்பட்ட மாட்டுக் கொள்ளைநோயே அத்துறையின் ஆய்வுக்கும் சட்டங்களுக்கும் உந்துதலாக இருந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்டு, பின் வேப்பேரிக்கு மாறியபோதும் நிலைமை உடனே மாறவில்லை. கோழிக்குப் பொருளியல் மதிப்பைத் தேடித் தந்த முயற்சிகளில் சில துறைக்கு வெளியிலிருந்து வந்தன. அப்போது திருவிதாங்கூரில் இருந்த, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் 1920களில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம், வெள்ளை லெகார்ன் போன்ற அயலினக் கோழிகளைக் கிராமத்தாரிடையே பரப்பி, முட்டையைக் கூட்டுறவு முறையில் விற்க ஏற்பாடு செய்தது. இத்தகைய முயற்சிகளால் முட்டை சிறுவாட்டுக் காசிலிருந்து சந்தைச் சரக்காக உயரத் தொடங்கியது. ஆனால் நிறைய முட்டையிட்ட அயலினக் கோழிகள் நாட்டுக்கோழியைப் போல் நோயைத் தாங்கவில்லை என்பதால் நோய்க்கவலையும் உடன் உயர்ந்தது.

அதே பத்தாண்டில்தான் கோழி மருத்துவத்தின் போக்கையே மாற்றிய நோய் மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. 1926இல் ஜாவாத் தீவிலும், அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இங்கிலாந்து நிகழ்வை ஆராய்ந்த டாயில், இது முன்பறிந்த கோழிப் பிளேக்கிலிருந்து வேறான நச்சுயிரியால் வருவது என்று 1927இல் காட்டினார். நோய்க்குறியை வைத்துப் பெயரிட்டால் அதே குறிகள் உள்ள பிற நோய்களோடு குழப்பம் நேரும் என்று கருதிய அவர், தற்காலிகமாக ஊரின் பெயரையே நோய்க்கு இட்டார், அப்பெயரே நிலைத்துவிட்டது. இந்தியாவில் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கெட் என்ற படைமுகாம் ஊரில் கண்ட நோயைக் கால்நடை ஆய்வாளர் எட்வர்ட்ஸ் 1928இல் விவரித்ததால் இங்கு அது இராணிக்கெட் நோய் ஆயிற்று. அதே குமாவோனில் முக்தேசுவரத்தில் அரசின் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 1890கள் முதல் இயங்கி வந்ததை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். நோயின் பெயரில் உள்ள ஊர், கோழிகள் முதலில் செத்த ஊர் என்று பொருள்படாது. சாவைப் பதிவு செய்யும் கண் அருகில் இருந்த ஊர் என்றே பொருள்படும். பெயர் பெறாத ஊர்களில் அதே சாவு முன்னரே நிகழ்ந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்நோய்க்கு வழங்கும் பெயர் வெள்ளைக் கழிச்சல் அல்லது கோழிக் கழிச்சல். டாயில் எதைத் தவிர்க்க விரும்பினாரோ அதுவே இங்கு நேர்ந்தது: எச்சத்தின் நிறத்தால் அமைந்த இப்பெயர், வெள்ளையாகக் கழியும் எந்தக் கோழிக்கும் பொருந்திவிட்டதால், குணமாகக்கூடிய சாதாரணக் கழிச்சலும் குணமாகாத இராணிக்கெட்டும் ஒரே பெயரில் அடங்கின. ஒரு வீட்டு மருந்து வெள்ளைக் கழிச்சலைத் தீர்த்தது என்று ஒருவரும், தீர்க்கவில்லை என்று மற்றொருவரும் உறுதியாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இராணிக்கெட் நோயில் பச்சையும் வெள்ளையுமான நீர்க்கழிச்சலோடு, வாயைப் பிளந்து மூச்சு வாங்குதல், இறக்கை தொங்குதல், கால் இழுத்துக்கொள்ளுதல், கழுத்து முறுக்கித் தலை பின்னோக்கித் திரும்புதல் ஆகியவை காணும். நச்சுயிரி உடலில் புகுந்து பெரும்பாலும் ஐந்தாறு நாளில் குறிகள் வெளிப்படும். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாக் கோழிகளுமே மடியக்கூடும். தப்பிய சில வாழ்நாள் முழுவதும் கழுத்து கோணியபடி இரையைக் குறிதவறிக் கொத்திக்கொண்டிருக்கும்.

நச்சுயிரியைக் கொல்லும் மருந்து இல்லை என்பதால் ஆராய்ச்சி தடுப்பூசியை நோக்கித் திரும்பியது. கோழி நோய்க்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவு புதியதன்று. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டர், ஆய்வகத்தில் வீரியம் குறைத்த கிருமியால் முதன்முதலில் தடுத்துக் காட்டியது கோழிக் காலராவையே ஆகும். இராணிக்கெட் நச்சுயிரியைக் கரு வளரும் கோழிமுட்டைகளில் மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியத்தைத் தணிக்கும் வழியில், 1940களில் முக்தேசுவரத்தில் ஹாடோ, இத்னானி ஆகியோர் உருவாக்கிய தடுப்பூசி இந்தியாவெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் இத்தகைய தடுப்பூசிகளை உற்பத்தி செய்யும் பொறுப்பு, 1932இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்துக்கு அமைந்தது. குஞ்சுப் பருவத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தை ஒட்டி இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே ஓர் ஊசி என்ற முறை நிலைபெற்றது.

ஆய்வகத்தில் வென்ற முறை கொல்லையில் தடுமாறியது. உலர்நிலையில் குப்பியில் அடைத்த தடுப்பூசி, நிலையத்திலிருந்து ஊர் வரை பனிக்கட்டிக் குடுவையில் குளிர்ச்சி குறையாமல் வர வேண்டும். ஒரு குப்பி நூறு, இருநூறு கோழிகளுக்கானது. கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். வீட்டுக்கு ஐந்தும் எட்டுமாக இருக்கும் கோழிகளை நூறு சேர்ப்பதற்குள் அந்நேரம் கழிந்துவிடும். கால்நடை உதவியாளர் பத்து மணிக்கு ஊருக்குள் வந்தால் கோழிகள் வேலியிலும் குப்பைமேட்டிலும் சிதறியிருக்கும். அவற்றைப் பிடிக்கக்கூடிய பொழுது, பஞ்சாரம் தூக்கப்படாத விடியற்காலை ஒன்றே. மேலும் ஊரில் நோய் நுழைந்த பிறகே பலரும் ஊசியைத் தேடினர். நச்சுயிரி ஏற்கனவே உடலில் இருந்த கோழிகள் ஊசிக்குப் பின் சில நாளில் செத்தபோது பழி ஊசியின் மேல் விழுந்தது. பிற்காலத்தில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி இருவார முகாம் என்ற பெயரில், கோடைக்கு முன், ஊர்தோறும் இலவசமாக ஊசி போடும் ஏற்பாட்டைச் செய்ததற்கு இத்தடைகளே காரணம். கூட்டமாகப் போட்டால் குப்பி வீணாகாது. முன்கூட்டிப் போட்டால் பழி நேராது.

குளிர்ச்சியை நம்பாத தடுப்பு மருந்து ஒன்று தேவை என்ற எண்ணம் வெப்பநாடுகளின் கிராமங்களுக்கென எழுந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1966இல் நலமுள்ள கோழிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வி4 என்ற தீங்கற்ற நச்சுயிரி வகையின் வெப்பம் தாங்கும் பிரிவைத் தீவனத்தில் பூசிக் கொடுக்கும் ஆய்வு, 1980களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்பிராட்பிரோ குழுவினராலும் மலேசிய அறிஞர்களாலும் அந்நாட்டுக் கிராமக் கோழிகளிடம் நடத்தப்பட்டது. 1989இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் புறக்கடைக் கோழிகளுக்கெனத் தீவனக் குருணையாகக் கொடுக்கும் வாய்வழித் தடுப்பு மருந்தை உருவாக்கியது. வரலாற்று நோக்கில் இதன் சிறப்பு நச்சுயிரியின் வகையில் மட்டும் அடங்கவில்லை. கோழியைத் துரத்திப் பிடித்துக் குத்த வேண்டிய மருந்து, வீட்டுப் பெண் காலையில் கை நிறைய எடுத்து இறைக்கும் இரையின் வடிவத்துக்கு இறங்கி வந்தது. ஆய்வகம் கொல்லையின் வழக்கத்தைக் கற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

இதற்கு இணையாக, எழுதப்படாதிருந்த வைத்தியம் ஏடேறும் பணியும் நடந்தது. அதே பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் நடத்திய மரபுவழி மூலிகை மருத்துவ மையம் கிராமங்களில் வழங்கிய மருந்துகளைத் தொகுத்து, அளவோடு வெளியிட்டது. கீழாநெல்லி 50 கிராம், சீரகம் 10 கிராம், மிளகு 5 கிராம், மஞ்சள்தூள் 5 கிராம், வெங்காயமும் பூண்டும் ஐந்தைந்து பல் என்று கோழிக் கழிச்சலுக்குப் பரிந்துரைக்கப்படும் கலவையில், பாட்டிமாரின் கையளவு கிராம் அளவாக மாறியிருப்பதைக் காணலாம். இத்தகைய கலவை தளர்ந்த கோழிக்கு ஊட்டமாகவும் செரிமானத்துக்குத் துணையாகவும் அமையலாம். தடுப்பூசிக்கு மாற்றாக அதைக் கொள்வது இம்மரபின் எல்லையை மறப்பதாகும்.

வீட்டுப் பராமரிப்பின் எல்லையை மேலும் கூர்மையாகக் காட்டியவை மனிதருக்குத் தொற்றும் நோய்கள். நியூகாசில் நச்சுயிரி மனிதக் கண்ணில் பட்டால் கண் சிவந்து நீர் வடியும் என்பதை ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட் 1943இல் பதிவு செய்தார். அது சில நாளில் ஆறிவிடும் சிறு துன்பமே. ஆனால் 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாபூரில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக உறுதி செய்யப்பட்ட பிறகு, பல கோழிகள் ஒன்றாகச் சாகும்போது அவற்றைக் கக்கத்தில் இடுக்கி மருந்தூட்டுவதும், செத்ததை அறுப்பதும், சந்தைக்கு அனுப்புவதும் ஆபத்தான செயல்களாயின. ஒரு கோழி தனியே நோயுற்றால் தனிக்கூடை, சூடு, நீர், உணவு, பின் கை கழுவுதல். பல கோழிகள் ஒரே நேரத்தில் விழுந்தால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவித்தல் என்பதே இவ்விரண்டுக்கும் இடையே இன்று வகுக்கப்பட்டுள்ள கோடு.

இவ்வரலாற்றை மொத்தமாக நோக்கும்போது, கொல்லை வைத்தியமும் ஆய்வக மருத்துவமும் ஒன்றையொன்று வென்றதாகக் கொள்வதற்கு இடமில்லை. முன்னது நோயுற்ற ஒரு கோழியைத் தாங்கிப் பிடிக்கும் திறனில் சிறந்தது. பின்னது நோய் வராமல் ஓர் ஊரையே காக்கும் திறனில் சிறந்தது. இராணிக்கெட் கண்ட கோழிக்கு இன்றும் மருந்து இல்லை. அது வருமுன் போடும் தடுப்பூசி மட்டுமே உண்டு. அந்த ஊசி கோழியைச் சேர வேண்டுமானால், விடியற்காலையில் பஞ்சாரத்தைச் சற்றே தூக்கி, உள்ளே கைவிட்டு, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க அந்த வீட்டுப் பெண் முன்வர வேண்டும்.